அடுத்த மேற்றிராணியார் வாய் திறப்பாரா?

மேற்றிராணியார் என்ற சொல்லை இப்போது ஆரும் பெரிதாகப் பாவிப்பதில்லை. ஆயர் என்கிறார்கள். ஸ்காபரோவில் முப்பது வருசமாக இருக்கிற எங்கட பழைய ஆட்கள் சிலர் மட்டும் இன்னமும் மேற்றிராணியார் என்றுதான் சொல்லுவார்கள். சொல் எதுவாக இருந்தாலும், ஞாயிறு பூசை முடிந்து கோப்பிக் கோப்பையோடு நிற்கும்போது வருகிற கதை ஒன்றுதான். ஊரில் அடுத்து வருகிறவர் எப்படிப்பட்டவராக இருப்பார்? வாய் திறப்பாரா, திறக்க மாட்டாரா?

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி ஒரு ஆயர் 75 வயதில் பதவி விலகல் கடிதம் கொடுக்கவேண்டும். ஏற்பதும் பிறகு பார்ப்பதும் பாப்பரசரின் விருப்பம். யாழ்ப்பாண ஆயராக 2015 இல் வந்த யஸ்ரின் ஞானப்பிரகாசம் ஆண்டகைக்கு 2023 இல் 75 வயது நிறைந்தது. அதோடு இங்கேயும் ஆள் ஆளுக்குப் பெயர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் தன் ஊர்ச் சுவாமியைச் சொல்லுவார். மற்றவர் தன்னோடு படித்தவரைச் சொல்லுவார். இதில் ஊரும் சாதியும் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்பது சொல்லுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

ஆனால் எங்களிடம் ஒருவரும் கேட்கப் போவதில்லை. கொழும்பில் இருக்கிற பாப்பரசரின் தூதுவர் இரகசியமாகச் சிலரிடம் விசாரித்து, மூன்று பெயரை உரோமைக்கு அனுப்புவார். அவ்வளவுதான். இதே ரொறன்ரோவில் அங்கிலிக்கன் சபைக்காரர் தங்கள் ஆயரைத் தாங்களே வாக்குப் போட்டுத் தெரிகிறார்கள். 2018 யூனில் அன்ட்ரூ அஸ்பிலைத் தெரிந்தபோது குருமார் வாக்கு வேறாகவும் பொதுநிலையினர் வாக்கு வேறாகவும் எண்ணப்பட்டது. இரண்டிலும் பெரும்பான்மை வேண்டும். எங்கள் முறை அதுவல்ல. வாக்கு இல்லாவிட்டாலும் விருப்பம் இருக்கலாம்தானே. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் எல்லோருக்கும் அளவுகோல் ஒருவர்தான். மன்னார் ஆயராக 1992 முதல் 2016 வரை இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை. நெடுந்தீவில் பிறந்தவர். 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார். அவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் "பயப்பிடாத மனிசன்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. பயமில்லாதவர்கள் எங்களில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர் செய்த பெரிய வேலை ஒரு கழித்தல் கணக்கு.

2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது அவரும் அவருடைய குருமார் இருவரும் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்த சனம் 429,059. இது அரசாங்கத்தின் சொந்தக் கச்சேரிக் கணக்கு. 2009 யூலை 10 வரை அரசு கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது? கேள்வி அவ்வளவுதான். எல்லோரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்கு உங்களுடையது, பதிலும் நீங்களே சொல்லுங்கோ என்று கேட்டார். பதில் வரவில்லை. 2012 இல் புலனாய்வுப் பிரிவினர்தான் அவரை விசாரிக்க வந்தார்கள்.

சல்வடோரில் ஒஸ்கார் ரொமேரோ ஆண்டகையும் இதைத்தான் செய்தார். ஞாயிற்றுப் பிரசங்கத்தில் அந்தக் கிழமை கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் பற்றிய விபரத்தை வாசிப்பார். வானொலியில் நாடே கேட்டது. 1980 மார்ச் 24 அன்று பூசை வைத்துக்கொண்டிருக்கும்போதே சுட்டார்கள். உரோமை அவரைப் புனிதராக்க 2018 ஆகிவிட்டது.

ஆகவே அடுத்தவரிடம் என் முதல் விருப்பம், எண்ணத் தெரிந்தவராக இருக்கவேண்டும். பெயர் சொல்லத் தெரிந்தவராக இருக்கவேண்டும். முதலில் தன் குருமாரின் பெயரையே சொல்லட்டும். 1985 இல் வங்காலையில் சுட்டுக் கொல்லப்பட்ட மேரி பஸ்ரியன் அடிகள். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டிப் பக்கம் காணாமல் போன ஜிம் பிறவுண் அடிகள். 2008 இல் கிளைமோரில் செத்த கருணாரட்ணம் அடிகள். 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் யோசப் அடிகள். கடைசியாகச் சொன்னவர் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். ஒரு கல்லூரி அதிபருக்கே என்ன நடந்ததென்று தெரியாதென்றால், அவரோடு பஸ்ஸில் ஏறின பெயர் தெரியாத பெடியளின் தாய்மார் எங்கே போய்க் கேட்பது?

இரண்டாவது விருப்பம் இங்கே பலருக்குப் பிடிக்காது. எங்கள் பக்கத்துப் பிழையையும் அதே குரலில் சொல்லுகிறவர் வேண்டும். 2009 இல் வலைஞர்மடம் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த இளம் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் புலிகள் பிடித்துக்கொண்டு போனதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை சொல்லுகிறது. ஆயர்களும் குருமாரும் அதைச் சத்தமாகச் சொல்லவேண்டும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றினது மன்னார்க்காரருக்குப் புத்தகத்தில் படித்த கதை அல்ல, பக்கத்து வீடு வெறுமையானது. இதெல்லாம் பழங்கதை என்று தட்டிவிட ஏலாது. 2019 இல் மகா சிவராத்திரிக்கு முதல் நாள் திருக்கேதீச்சர வீதியில் வளைவைப் பிடுங்கி எறிந்தவர்கள் எங்கள் கத்தோலிக்கச் சனம். ஷெல் விழும்போது கோயிலுக்குள் ஓடினவர்களில் சைவம் வேதம் என்று பார்த்தா இடம் விட்டோம்? அடுத்த ஆயர் வேதக்காரருக்கு மட்டும் ஆயராக இருந்தால் அவருடைய நீதிக் குரலை வேறு ஆரும் கேட்கப்போவதில்லை.

மூன்றாவது, தெற்கோடு பேசத் தெரியவேண்டும். 2012 இல் ஜெனீவாத் தீர்மானத்தை மல்கம் ரஞ்சித் கர்தினால் எதிர்த்தார். மன்னார் ஆயரும் வடக்குக் குருமாரும் சர்வதேச நடவடிக்கை கேட்டு எழுதினார்கள். ஒரே திருச்சபை, இரண்டு குரல். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் குண்டு வெடித்தது. நாட்டுக்குள் நீதி கிடையாதென்று கண்டபிறகு, 2022 மார்ச்சில் கர்தினாலும் ஜெனீவா போனார். "இப்பதான் விளங்குதோ" என்று எங்கள் ஆட்கள் முகநூலில் எழுதினார்கள். எனக்கும் அந்தக் கசப்பு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீர்கொழும்புத் தாயும் முள்ளிவாய்க்கால் தாயும் கேட்பது ஒரே கேள்வி. அந்த இரண்டு பேரையும் ஒரு வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தக்கூடிய ஆயர் ஒருவர் வந்தால், அது பத்துத் தீர்மானத்துக்குச் சமன்.

"சாமிமாருக்கு அரசியல் எதுக்கு?" என்று கேட்கிறவர்களும் எங்கள் பங்கில் இருக்கிறார்கள். முள்ளிக்குளத்துச் சனத்தை 2007 செப்ரெம்பரில் எழுப்பிவிட்டு அங்கே கடற்படை முகாம் போட்டது. 2017 இல் போராடித்தான் கொஞ்சக் காணி விடுவிக்கப்பட்டது. 2025 ஓகஸ்டில் மன்னார்த் தீவில் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகச் சனம் வீதியில் இருந்தபோது குருமாரும் கூட இருந்தார்கள். காணி, கடல், காணாமல் போன பிள்ளை. இது அரசியல் என்றால் நற்செய்தியில் மிஞ்சுவது என்ன? தேர்தல் நேரம் கட்சி மேடையில் ஏறவேண்டாம், ஒருவரின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கவேண்டாம். அந்தக் கோடு போதும்.

கடைசியாக எங்களைப் பற்றியும் ஒன்று. இங்கிருந்துகொண்டு வீரம் கேட்பது சுகம். பேசிவிட்டு இரவு அங்கே படுக்கப்போகிறவர் அவர், நாங்கள் அல்ல. ஊரிலிருந்து ஆயர் வந்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? மாலை போட்டு, படம் எடுத்து, விருந்து வைத்து, எங்கள் ஊர்க் கோபுரத்துக்குக் காசுக் கவரைக் கையில் கொடுக்கிறோம். மிட்லண்ட் யாத்திரையில் ஆயிரக்கணக்கில் கூடுகிற சனத்தில் எத்தனை பேரின் வீட்டில் காணாமல் போன ஒருவரின் படம் இருக்கிறது? அந்தப் பெயர்களை ஊர் ஊராக எழுதிச் சேர்க்க இரண்டு பிள்ளைகளுக்கு ஆயர் இல்லத்தில் சம்பளம் கொடுக்க எவ்வளவு காசு வேணும் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கவேண்டும். பெயர் சொல்லக்கூடிய தாய்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஆயர் யாராக இருந்தாலும் அவருக்கு இருக்கிற காலம் அவ்வளவுதான்.