ஒரு குப்பியும் ஒரு தெருவும்

வேலூரிலிருந்து கிழக்கே சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இரத்தினகிரியைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் மேல்விஷாரம் வரும். தோல் வணிகத்தால் பெயர் பெற்ற ஊர். 1965இல் தொடங்கப்பெற்ற அப்துல் ஹக்கீம் கல்லூரியால் கல்விக்கும் பெயர் பெற்ற ஊர். பேருந்தில் அமர்ந்து நோக்கும் பயணிக்குக் கடைவீதியும் பள்ளிவாசல் மினாராக்களும் தென்படும். ஊரின் மற்றொரு முகத்தைக் காண விழைவீர்களாயின், வாசக நேயர்களே, தாங்கள் இறங்கித் தெருக்களுக்குள் நடக்க வேண்டும்.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒவ்வொன்றின் பின்னும் சிறு கொல்லை. அங்கே ஒரு துவைகல், ஒரு முருங்கை, அதன் நிழலில் நான்கைந்து பெட்டைகளும் ஒரு சேவலும். பீடி சுற்றும் தாய்மார்கள் மடியில் முறத்தை வைத்து இலையைச் சுருட்டியபடியே கோழிகளின் மீதும் ஒரு கண் வைத்திருப்பர். நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டை வரையே இடும். எனினும், எதிர்பாராது வந்த விருந்தினருக்குக் குழம்பாவதும், பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திற்குக் காசாவதும் அக்கோழிதான். கணவரிடம் கேட்காமல் ஒரு பெண் எடுத்துச் செலவிடக்கூடிய பணம், ஏழை வீடுகளில் பெரும்பாலும் கோழிக் கூண்டிலிருந்துதான் வருகிறது.

அக்கொல்லைகளில் நின்று உரையாடினால் அன்றாடத் தொல்லைகள் பலவற்றைக் கேட்கலாம். பெட்டை கூடையை விட்டுவிட்டு விறகடுக்கின் இடுக்கில் முட்டையிடும். இருட்டான மூலையில் கூடை வைத்து, வைக்கோல் பரப்பி, அதில் ஒரு முட்டையை எப்போதும் விட்டு வைத்தால் அது வழிக்கு வரும். சில கோழிகள் தாம் இட்ட முட்டையைத் தாமே கொத்திக் குடிக்கும். முட்டையை உடனுக்குடன் எடுத்துவிடுவதும், தீனியில் கிளிஞ்சல் தூள் கலப்பதும் அதற்கு மருந்து. செள் பற்றினால் சாம்பலும் மணலும் கலந்த குழியொன்று வேண்டும். கோழி அதில் புரண்டு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். மர இடுக்குகளில் பகலெல்லாம் ஒளிந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் பேன்களுக்காகக் கூண்டிற்குச் சுண்ணாம்பு பூச வேண்டும். தரை ஈரமாக இருந்தால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். கொசு மிகுந்தால் கொண்டையில் அம்மைக் கொப்புளம் எழும். இருபத்தொரு நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளைப் பருந்தும் காகமும் கீரியும் பூனையும் பங்கு கேட்கும். பஞ்சாரம் போட்டுக் கவிழ்ப்பதன்றி வேறு வழியில்லை.

இவையனைத்தும் ஒரு வீட்டார் தனித்தே தீர்த்துக்கொள்ளக் கூடியவை. ஒரு தொல்லை மட்டும் அவ்வாறன்று. அதுவே கோழிக் கழிச்சல். மக்கள் வழக்கில் வெள்ளைக் கழிச்சல்.

தெருவொன்றில் ஒரு மூதாட்டி வெற்றுக் கூண்டைக் காட்டினார். "ஹஸ்ரத், நாலு நாளிலே பதினாலு உருப்படி போயிடுச்சு. பக்கத்து வீட்டுலே சந்தையிலிருந்து ஒரு கோழி வாங்கியாந்தாங்க. அதுதான் எமனா வந்துச்சு" என்றார். பக்கத்து வீட்டாருக்கும் ஒன்பது போயிற்று. ஆயினும் இரு வீட்டாரும் பல மாதங்களாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோழி போனது ஓர் இழப்பு. அண்டை வீட்டாரின் ஸலாம் நின்றுபோனது அதனினும் பேரிழப்பு அன்றோ!

குற்றம் யாருடையது? சந்தையில் வாங்கிய கோழி பார்வைக்கு நன்றாகவே இருந்திருக்கும். இந்நோய்க் கிருமி உடலுள் புகுந்து வெளிப்படப் பெரும்பாலும் ஐந்தாறு நாட்களும், சில வேளை இரு வாரங்களும் ஆகும். பின்னரே பச்சையும் வெண்மையுமான கழிச்சல், வாய் திறந்து மூச்சுத் திணறல், தூங்கி விழுதல், கழுத்து முறுக்கல் ஆகியவை தோன்றும். அதற்குள் எச்சத்தாலும் தண்ணீராலும் மனிதரின் செருப்பாலும்கூட நோய் சுவரைத் தாண்டிவிடும். வந்தபின் தீர்க்கும் மருந்து எதுவுமில்லை. வெங்காயமும் பூண்டும் மிளகும் அரைத்துக் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். அது பரவலைத் தடுப்பதில்லை. வருமுன் காப்பது ஒன்றே வழி.

அவ்வழி எங்கிருந்து வருகிறது என்பதைக் காண அதிகத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேல்விஷாரத்திலிருந்து ஆற்காடு வழியாகச் செல்லுங்கள். நவாபுகளின் தலைநகராக விளங்கிய ஆற்காட்டில், 1751 முற்றுகையை நினைவூட்டும் டெல்லி கேட் பாலாற்றங்கரையில் நிற்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் அவ்வாற்றைப் பாலத்தின் வழியே கடந்தால் இராணிப்பேட்டை. செஞ்சி மன்னன் தேசிங்கின் இளம் மனைவியின் நினைவாக ஆற்காட்டு நவாப் இட்ட பெயர் இது என்பர். 2019 முதல் இது ஒரு மாவட்டத்தின் தலைநகர்.

இவ்வூரில்தான் 1932இல் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நிறுவப்பட்டது. உழவரின் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய்க்கு எதிரான மருந்து செய்வதே அதன் தொடக்ககாலப் பணி. அந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. கோழிகளுக்கான தடுப்பு மருந்துகளும் இங்கே உருவாகின்றன.

ஈண்டு ஒரு பெயர் மயக்கத்தைத் தீர்த்தல் நலம். கோழிக் கழிச்சலுக்கு 'இராணிக்கெட் நோய்' என்றும் பெயருண்டு. அது இராணிப்பேட்டையைக் குறிப்பதன்று. இமயத்தின் குமாவோன் மலைப்பகுதியில் உள்ள ராணிகேத் என்னும் ஊரில் 1920களின் பிற்பகுதியில் இந்நோய் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. அதே குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவர் ஆய்வகத்தில்தான், நம் நாட்டில் இன்றும் வளர்ந்த கோழிகளுக்குப் போடப்படும் ஊசி மருந்தின் வித்து 1940களில் உருவாயிற்று. நோயின் பெயரும் மருந்தின் பெயரும் ஒரே மலையில் பிறந்தவை.

முறை எளிது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கையின் அடியில் ஓர் ஊசி. நோயுற்ற கோழிக்கு இதனைப் போடலாகாது. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் போட்டு முடிக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ஒரு குப்பி மருந்து பெரும்பாலும் நூறு கோழிகளுக்கானது. நம் தாய்மாரிடம் இருப்பதோ ஆறு, எட்டு. ஆறு கோழிக்காக ஒரு குப்பியை உடைத்தால் எஞ்சியது வீண். பண்ணையாளருக்கு ஏற்ற அளவு, கொல்லையில் வளர்ப்பவருக்கு ஏற்றதாக இல்லை. பலர் தடுப்பூசியையே மறந்துவிடுவதற்கு அறியாமையினும் இதுவே பெருங்காரணம்.

ஆனால் கணக்கைச் சற்றே மாற்றிப் பாருங்கள். பதினைந்து வீடுகள், வீட்டுக்கு ஆறு கோழிகள், தொண்ணூறு ஆயிற்று. ஒரு குப்பி என்பது ஒரு வீட்டிற்கானதன்று, ஒரு தெருவிற்கானது! நோய் சுவர்களை மதிப்பதில்லை. மருந்தும் அவ்வாறே சுவர்களைக் கடந்து பங்கிடப்பட வேண்டும் போலும்.

தெருவில் ஒரு பெண்மணி வீடுதோறும் கோழிகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளட்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் ஒருவர் சென்று சொல்லி வைக்கட்டும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இரு வார முகாம் நடத்திக் கட்டணமின்றித் தடுப்பூசி போடுகிறது. கோடையில் நோய் பெருகுமுன் வரும் அவ்வாய்ப்பைத் தவற விடலாகாது. கோழிகள் கூண்டை விட்டு வெளியேறாத அதிகாலையே ஏற்ற நேரம்.

இன்னும் மூன்று கடமைகள் உண்டு. புதிதாக வாங்கிய கோழியை இரு வாரம் தனியே கட்டி வையுங்கள். இறந்த கோழியைக் குப்பையிலோ சாக்கடையிலோ எறியாமல் ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். கோழி தூங்கி விழத் தொடங்கியதும் அவசரமாக அறுத்து அண்டையாருக்குக் கொடுப்பதும், நோயை மறைத்துச் சந்தையில் தள்ளுவதும் சில இடங்களில் நடக்கின்றன. குறையை மறைத்து விற்பது மார்க்கம் தடுத்த வஞ்சகம் என்பதை நம் இல்லங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பதினாலு கோழிகளை இழந்த அம்மூதாட்டியின் கூண்டு, அத்தகைய ஒரு விற்பனையால்தான் வெறுமையாயிற்று.

வரும் பிப்ரவரிக்கு முன்னர் தங்கள் தெருவில் கோழிகளை எண்ணுங்கள். எண்ணும் பொருட்டு, பேச்சு நின்றுபோன வீட்டின் கதவையும் ஒருமுறை தட்டுங்கள்.