காரணம் சொல்லாத காவல்

ஜூன் 25, அம்பத்தூர்

1975-ல் இதே நாள் இரவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1977 மார்ச் வரை நீடித்த அந்த ஆட்சியைச் சர்வாதிகாரம் என்று சொல்லத் தயங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேலைநிறுத்தம் இல்லை, ஆலைகள் ஒழுங்காக ஓடின என்பது அவர்கள் வாதம். தொழிற்பேட்டையால் வாழும் இந்த ஊரில் அந்த வாதத்துக்கு எடை அதிகம் என்பதால் அதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. ஆலைகள் ஓடின, சரி. அதே 1975-ல் ஓர் அவசரச் சட்டம் குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறக்கியது. அதை எதிர்த்துக் கொடி பிடிக்க நினைத்தவர் முன்னால் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டம் நின்றது. தொழில் அமைதி என்று புகழப்பட்டதில் பாதி, வாய் திறந்தால் உள்ளே போக வேண்டும் என்ற பயம். பக்கத்து ஆவடியில் 1955-ல் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்ட கட்சிதான் இருபதே ஆண்டில் இதைச் செய்தது.

ஜூன் 26

மிசா 1971-லேயே வந்துவிட்ட சட்டம். நெருக்கடி நிலை பிறந்த சில நாட்களில் அதில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: எதற்காகப் பிடித்தோம் என்று கைதியிடம் சொல்ல வேண்டியதில்லை. சிறைக் கொடுமைகளின் வேர் இந்த ஒரு வரியில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. 1976 ஜனவரி 31-ல் கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டதும் தமிழ்நாட்டிலும் கைதுகள் பெருகின. பிப்ரவரி 2 இரவு சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அடி நடந்தது உண்மை என்று நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் பின்னர் பதிவு செய்தது. அந்தச் சிறையில் இருந்த முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்துபோனார். சில வார்டர்களின் அத்துமீறலுக்கு ஓர் ஆட்சியையே பழிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. கைதி ஏன் உள்ளே இருக்கிறான் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லாதபோது, உள்ளே அவனுக்கு என்ன நடக்கிறது என்று யார் கேட்பது? தடியைத் தூக்கிய கைக்கு அந்தத் துணிச்சல் மேலிருந்து வந்தது. 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றமே, நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் கணக்குப்படி நாடு முழுவதும் மிசாவில் அடைக்கப்பட்டவர்கள் 34,988 பேர்.

ஜூன் 28, பூந்தமல்லி

அதெல்லாம் முடிந்த கதை என்பது அடுத்த மறுப்பு. ஓரளவு நியாயம்தான். அரசியல் சட்டத்தின் 44-வது திருத்தத்துக்குப் பிறகு, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-வது பிரிவை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது. அந்த 1976 தீர்ப்பையும் 2017-ல் உச்ச நீதிமன்றம் தவறு என்று ஒதுக்கிவிட்டது. ஆனால் சர்வாதிகாரி இல்லாமலே அவருடைய கருவி வேலை செய்யும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 2002-ல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தபோது நாடாளுமன்றத்தில் அதை ஆதரித்தது ம.தி.மு.க. அதே ஆண்டு ஜூலையில், ஒரு பொதுக்கூட்டப் பேச்சுக்காக, அந்தக் கட்சியின் தலைவர் வைகோ பொடாவில் கைதானார். வழக்கு பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில். இருப்பு வேலூர் சிறையில், பத்தொன்பது மாதம். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு, நடப்பிலிருந்த அரசியல் சட்டம், திறந்திருந்த நீதிமன்றங்கள் எல்லாம் இருக்கும்போதே இது நடந்தது. நம் கட்சி ஆட்சியில் அப்படி நடக்காது என்று நம்பிச் சட்டத்தை ஆதரிப்பவர்கள், ஆட்சி மாறும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பொடாவை 2004-ல் நீக்கினார்கள். ஆனால் விசாரணையே இல்லாமல் ஒருவரை ஓராண்டு வரை அடைத்துவைக்க இடம் தரும் 1982-ஆம் ஆண்டு குண்டர் சட்டத்தை, இரண்டு கழக ஆட்சிகளும் மாறி மாறி வந்தும், யாரும் நீக்கவில்லை.