எங்கட ஊரில ஒண்டுமில்லை

நான் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் வான் ஓடுகிறவன். பிறந்து வளர்ந்தது கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சி. லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று வெளியிலிருந்து வந்து இறங்குகிற எங்கள் சனத்தை ஏற்றிக்கொண்டு வடக்கே வருவதுதான் என் சீவியம். அந்தச் சீவியத்தோடு சேர்த்து ஒரு பொய்யும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். “அண்ணை, வன்னிக்குள்ள எங்க நல்ல சாப்பாடு? என்ன பாக்கலாம்?” என்று கேட்டவர்களுக்கு, “அங்க ஒண்டுமில்லை, நேர யாழ்ப்பாணம் போவம்” என்பேன். தெரியாமல் சொல்லவில்லை. எந்த மாதம் எந்தக் குளக்கட்டில் மீன் மலிவு, எந்தப் பொங்கலுக்கு எந்த வழியால் போனால் சனநெரிசல் குறைவு என்றெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அதற்குக் காசும் வாங்கினேன்.

நெடுந்தூரம் ஓடுகிற எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு இது. வீதியோரத்துப் பெரிய சாப்பாட்டுக் கடைகளில் சாரதிமாருக்குத் தனி மேசை உண்டு. ஆட்களைக் கொண்டுபோய் இறக்கினால் சோறு, கறி, தேத்தண்ணி எல்லாம் சும்மா. ஆட்கள் கூடவென்றால் போகும்போது கையிலும் ஏதும் வைப்பார்கள். கடைக்காரரைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. வாங்கிய கை என்னுடையது. நான் வழக்கமாக நிற்பாட்டுகிற கடை வன்னி தொடங்குவதற்கு முன்னமே வந்துவிடும். அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறுகிற சனம் வவுனியா வரும்முன் நித்திரையாகிவிடும். வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரைக்கும் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே கழிந்துபோகும். பின்சீற்றில் குறட்டை. எனக்கு அது வசதியாக இருந்தது. நிற்பாட்டச் சொல்ல ஆளில்லை, கேள்வி கேட்க ஆளில்லை, சொன்ன நேரத்துக்கு யாழ்ப்பாணம்.

ஒரே ஒரு இடத்தில் நிற்பாட்டாமல் வர எனக்குத் துணிவு வந்ததில்லை. முறிகண்டிப் பிள்ளையார். ஏ9 வீதியால் போகிற வாகனம் அங்கே நின்று, தேங்காய் உடைத்து, திருநீறு பூசிக்கொண்டுதான் வெளிக்கிடும். கோயிலடியில் வரிசையாகக் கச்சான் கடைகள். தாச்சியில் சுடுமணலோடு கச்சான் வறுபடுகிற மணத்துக்கே நித்திரையில் இருக்கிற பிள்ளைகள் எழும்பிவிடும். அந்தக் கடைகளில் இருக்கிற பெண்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அங்கேயும் நான் “ஐஞ்சு நிமிசம்தான், கெதியா ஏறுங்கோ” என்று ஆட்களைத் துரத்தியிருக்கிறேன்.

இதைவிடக் கூடாத ஒன்றும் செய்தேன். யாராவது விடாமல் கேட்டால், “இஞ்சத்தைச் சின்னக் கடையள் வெளிநாட்டு வயித்துக்கு ஒத்துவராது, தண்ணி சரியில்லை” என்று பயப்படுத்துவேன். பிள்ளைகளோடு வருகிறவர்கள் அதற்குமேல் பேசமாட்டார்கள். நான் வளர்ந்ததே அந்தத் தண்ணீரில்தான். ஓட்டம் இல்லாத நாட்களில் நான் சாப்பிட்டதும் அந்தச் சின்னக் கடைகளில்தான்.

காசு மட்டும் காரணமென்றால் இதைச் சொல்வது இவ்வளவு கடினமாக இருந்திராது. வெட்கமும் இருந்தது. எங்கள் அப்பப்பா, இரணைமடுத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து காணி எடுத்து வந்து காடு வெட்டியவர். 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கிய பிறகு அப்படி வந்த குடும்பங்கள் ஏராளம். வந்து ஒரு தலைமுறை கழியமுன்னம், யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டுக்குப் போனால் நாங்கள் ‘வன்னிக் காட்டார்’. சின்ன வயதில் அந்தச் சொல்லைக் கேட்டு வாயடைத்து நின்றிருக்கிறேன். பிறகு 2009, போரின் கடைசி மாதங்கள். முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசை, மெனிக் பாம் முகாமில் சோற்றுக்கு வரிசை. வெளியே வந்து வாகனம் ஓடத் தொடங்கியபோது, வன்னி ஆள் என்று சொன்னாலே பார்க்கிறவர் கண்ணில் ஒரு பரிதாபம் வருவதைக் கண்டேன். அந்தப் பரிதாபம் எனக்குப் பிடிக்கவில்லை. “எந்த ஊர்?” என்று கேட்டால் “யாழ்ப்பாணப் பக்கம்” என்று சொல்லப் பழகினேன். அப்பப்பாவின் ஊரைச் சொன்னால் முழுப்பொய் இல்லைத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் அதே பரிதாபத்தை விற்கவும் செய்தேன். இது இந்த வாக்குமூலத்தில் எனக்கு மிகவும் நோகிற இடம். நித்திரை கொள்ளாமல் வருகிறவர்களுக்குப் போரைக் காட்டினேன். கிளிநொச்சியில் குப்புற விழுந்து கிடந்த தண்ணீர்த்தாங்கி ஆண்டுக்கணக்காகக் காட்சிப்பொருளாக இருந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தது. நானும் எங்கள் ஆட்களை அங்கே இறக்கினேன். நகர நடுவில் இராணுவம் கட்டிய, வெடிப்பு விழுந்த சீமெந்துக் கல்லையும் அதில் பூத்த தாமரையையும் காட்டினேன். ஓடிக்கொண்டே 2009 கதை சொன்னேன். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் பின்சீற்றில் அழுகை வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுதவர்கள் இறங்கும்போது கூடக் காசு தந்தார்கள். நான் சொன்னவை உண்மைகள்தான். அந்த உண்மையைச் சொல்லிவிட்டு, அதே மண்ணில் அன்று காலையும் ஒருவர் வலை இழுத்து மீன் பிடித்தார், ஒருத்தி புட்டு அவித்தாள் என்பதைச் சொல்லாமல் விட்டேன். கேட்டவர்கள் வன்னியைச் செத்த இடமாகவே நினைத்துக்கொண்டு விமானம் ஏறினார்கள்.

சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன்.

கிளிநொச்சிக்கு வருகிறவர் முதலில் போகவேண்டியது இரணைமடுக் குளக்கட்டு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டத் தொடங்கி, 1920களில் வயலுக்குத் தண்ணீர் விட்ட குளம். வடமாகாணத்தில் இதைவிடப் பெரிய குளம் இல்லை. கிளிநொச்சியில் வயல் என்று எதைப் பார்த்தாலும் பெரும்பாலும் அதன் தண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. மாரி மழை நல்லாய்ப் பெய்து குளம் முட்டினால் வான்கதவு திறப்பார்கள். ஊர்ச் சனமே குடும்பம் குடும்பமாக அதைப் பார்க்கப் போகும். நான் சின்னப்பிள்ளையாக அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து போனேன். தண்ணீர் விழுகிற சத்தத்தில் அப்பா சொன்னது ஒன்றும் கேட்காது, கையால் காட்டுவார். காலையில் போனால் தோணிகள் கரைக்கு வரும். யப்பான் மீன், விரால். பிடித்த கையோடு வாங்கலாம். நகரத்து ஆட்கள் குளத்து மீன் சேற்று மணம் என்பார்கள். பழப்புளி கரைத்து, வெந்தயம் கூடப் போட்டு, மண்சட்டியில் வைத்த விரால் குழம்பை அவர்கள் சாப்பிட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன். அதிலும் இரவு வைத்துக் காலையில் தின்றால்தான் அதன் உருசி.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ‘அம்மாச்சி’ உணவகங்கள் இருக்கின்றன. மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்களே சமைத்து, பெண்களே விற்பது. குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, உழுந்து வடை, தோசை என்று கண்ணுக்கு முன்னாலேயே அடுப்பில் ஆகும். பெரிய கடையில் ஒருவர் சாப்பிடுகிற காசுக்கு இங்கே ஒரு குடும்பம் சாப்பிடலாம். இங்கே சாரதிக்குத் தனி மேசை இல்லை. நான் ஆட்களை அங்கே இறக்காததற்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது.

ஆனி மாதத்தை அண்டி வருகிறவர்கள் வீதியோரத்தில் பாலைப்பழம் விற்பதைக் காணலாம். மஞ்சள் நிறத்தில் விரல்நுனி அளவு பழம். காட்டுக்குள் போய்ப் பொறுக்கி வந்து பையில் கட்டி விற்பார்கள். இனிப்பு என்றால் அப்படி ஒரு இனிப்பு. தின்று முடிய அதன் பால் உதட்டில் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை ஒரு பிள்ளை பின்னாலிருந்து “அங்கிள், அது என்ன பழம்?” என்று கேட்டது. “அது சும்மா காட்டுப் பழம்” என்று சொல்லிக்கொண்டே அக்சிலேற்றரை மிதித்தேன்.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் கோயில் அங்கேதான். அயலில் கற்சிலைமடு. 1803 ஒக்ரோபர் 31ஆம் திகதி வன்னி மன்னன் பண்டாரவன்னியனை வென்றதை எழுதி வெள்ளைக்காரன் நாட்டிய கல் அங்கே இருந்தது; தோற்றவன் பெயரைத்தான் சனம் இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அந்த வீதியாலேயே போனால் முள்ளியவளை, வற்றாப்பளை, முல்லைத்தீவுக் கடல்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனைப் பற்றிச் சொல்லாமல் வன்னியைச் சொல்ல முடியாது. வைகாசிப் பொங்கலுக்கு முன்னம் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து வருவார்கள். அந்த உப்புத்தண்ணீரிலேயே விளக்கு எரிகிறது என்பது சனத்தின் நம்பிக்கை. முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் ஏற்றி, பிறகு வற்றாப்பளைக்கு வரும். எண்ணெய் இல்லை, கடல்தண்ணீர். பொங்கலன்றிரவு வடக்கின் எல்லா மூலையிலிருந்தும் சனம் வந்து சேரும். காவடி, தூக்குக்காவடி, பானை பானையாய்ப் பொங்கல், நந்திக்கடல் பக்கமிருந்து அடிக்கிற உப்புக்காற்று. எங்கள் அம்மா அம்மாளுக்கு நேர்ந்துதான் என்னைப் பெற்றா. அந்தக் கோயிலுக்குப் போகிற சந்தியைக் கடக்கும்போதுகூட நான் பயணிகளிடம் வாய் திறந்ததில்லை.

அதே காலத்தில், மே மாதத்தில், முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்பார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். இப்போதும் அவ்வளவுதான் போட்டுக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி, வீதியால் போகிறவர்களை மறித்துக் கொடுக்கிறார்கள். ‘ஊர்ச் சாப்பாடு’ தேடி வருகிறவர்கள் இதையும் ஒரு மிடறு குடிக்கவேண்டும். என் வான் அந்த நாட்களில் கண்ணாடி ஏற்றியபடி குளிரூட்டியோடு அந்த இடங்களைக் கடந்திருக்கிறது. வெளியே நின்று கஞ்சி நீட்டிய பொடியனுக்கு நான் கைகாட்டி, நேரமில்லை என்று சொன்னேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூநகரியில் மொட்டைக்கறுப்பன் அரிசி வாங்குங்கள். அந்தச் சிவப்பரிசிக் கஞ்சிக்கு ஒரு சம்பல் போதும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபிறகு பூநகரி யாழ்ப்பாணத்துக்குப் போகிற வழியிலேயே வருகிறது. மாரி காலத்தில் வந்தால் சுண்டிக்குளம் போங்கள். 1938இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015இல் தேசிய பூங்காவாக்கினார்கள். ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். முல்லைத்தீவில் நந்திக்கடல் இறால் கிடைத்தால் விடாதீர்கள்.

இனி அந்த அக்காவைப் பற்றி. பெயர் சொல்லமாட்டேன். 2009க்குப் பிறகு மீள்குடியேறி, தகரம் போட்ட ஒரு கொட்டிலில் எங்கள் ஊர்ப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்தவ. புருஷன் இல்லை. அரிசிமாப் புட்டு, விரால் குழம்பு, முருங்கையிலை வறை, மாங்காய்ச் சம்பல். காலையில் வெள்ளெனப் போனால் வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்துப் பழஞ்சோறு. நான் என் சொந்தக் காசில் அடிக்கடி சாப்பிட்ட கடை என்றால் அதுதான். “தம்பி, வெளிநாட்டுச் சனம் வந்தால் ஒருக்கா இஞ்சையும் கூட்டிவாங்கோவன்” என்று கேட்டா. “கட்டாயம் அக்கா” என்றேன். அதை நம்பி நாலு பிளாஸ்ரிக் கதிரையும் மேசை விரிப்பும் வாங்கிப் போட்டா. நான் ஒரு வானையும் அங்கே திருப்பவில்லை. ஏ9இலிருந்து உள்ளே போய்வர நேரம் போகும், தகரக் கொட்டிலைக் காட்டினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம், போதாததற்கு வயிறு நிறைந்த ஆட்கள். பிறகு ஒருநாள் போனபோது கடை இல்லை. அக்கா ஆடைத் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியிருந்தா. என்னால்தான் மூடியது என்று சொல்லமாட்டேன்; மாவும் மீனும் ஏறிய விலையில் கனபேர் மூடினார்கள். ஆனால் நான் கூட்டிவருவேன் என்று நம்பி அவ வாங்கிய கதிரைகளுக்கு நான்தான் பொறுப்பு.

அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், எல்லாவற்றையும், பெரிய கடையில் வாங்கிய காசு உட்பட. அவ கோபப்படவில்லை. “நீங்கள் கூட்டிவராட்டிலும் பரவாயில்லைத் தம்பி. ஒண்டுமில்லை எண்டு சொல்லாமல் விட்டிருக்கலாம். நாங்கள் இருந்தனாங்கள்தானே” என்று சொன்னா. எனக்குப் பதில் வரவில்லை. கதிரைக் காசைக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

கொஞ்ச நாளாகக் கட்டுநாயக்கவில் ஆட்களை ஏற்றும்போதே சொல்லிவிடுகிறேன்: நான் வட்டக்கச்சி, வழியில் சாப்பாடு வன்னிக்குள்தான், அங்கே எனக்கு ஒருவரும் காசு தருவதில்லை. சிலர் சந்தோசப்படுகிறார்கள். சிலர் பழைய பெரிய கடையின் பெயரைச் சொல்லி அங்கேயே போகச் சொல்கிறார்கள். அந்த ஆசையை அவர்களுக்கு ஊட்டியவர்களில் நானும் ஒருவன். முழுக்கத் திருந்திவிட்டேன் என்றும் எழுத முடியாது. போன கிழமை ஆட்கள் ஒன்றும் கேட்காமலேயே பழைய கடையில் நிற்பாட்டினேன். களைப்பு, பசி, சும்மா கிடைக்கிற சோறு. சாரதி மேசையில் இருந்து சாப்பிட்டேன், தந்ததையும் வாங்கினேன். இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் வவுனியா அம்மாச்சி. அது திறந்திருக்கிற நேரம்தான்.