அரை வாட்டு போதும்

மக்களே, ஆறு மாசமா "வாங்கலாமா, வேணாமா"ன்னு இழுத்துக்கிட்டே இருந்த மேட்டர் ஒருவழியா முடிஞ்சுது. என் எலெக்ட்ரிக் கிதாருக்கு ஒரு ஆம்ப் வாங்கியாச்சு. பாஸ் கட்டானா 50, மார்க் 2. பாஸ்னா ஆபீஸ்ல நம்மளைக் குடையிற ஆள் இல்ல. ஜப்பான்ல ரோலண்ட் கம்பெனியோட பிராண்டு. கட்டானான்னா அந்த ஊர் வாள். 2019ல வந்த மாடல் இது. 2024ல அடுத்த தலைமுறையும் வந்துடுச்சு. வேளச்சேரியில ஒருத்தர் பழசை வித்துட்டு புதுசுக்கு மாறினார். அவர்கிட்ட 16,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆக, "புது ஆம்ப்"னு நான் சொல்ற இடமெல்லாம் "எனக்குப் புதுசு"ன்னு படிச்சுக்கோங்க :)

ஒரு வாரம் வாசிச்சதுல தோணினது இது. ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் இல்ல.

உருவம்னு பாத்தா கறுப்புப் பெட்டி, உள்ள 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒண்ணு. கனம் கிட்டத்தட்ட 12 கிலோ, அதாவது பாதி அரிசி மூட்டை. மேல் பக்கம் வரிசையா குமிழ்கள். அதுல முதல் குமிழ்தான் தலையெழுத்தை முடிவு பண்ணுது. அக்கூஸ்டிக், க்ளீன், க்ரன்ச், லீட், பிரவுன்னு அஞ்சு குரல். கடைசியில இருக்கிற பிரவுன், எடி வான் ஹேலன் 1978ல முதல் ஆல்பத்துல காட்டின சத்தம் மாதிரி வேணும்னு ஏங்குறவங்களுக்காக. நமக்கு அது ரொம்ப தூரம்.

க்ளீன்ல வெச்சு முதல் கார்டு தட்டினேன். சத்தம் காதுல கேட்டதுக்கு முன்னாடி கால்ல தெரிஞ்சுது. தரை லேசா அதிர்ந்துது. லேப்டாப் ஸ்பீக்கரும் ஹெட்போனும் இத்தனை நாளா எதைக் குடுக்கலைன்னு அப்பதான் புரிஞ்சுது.

இந்த ஆம்ப் வாங்க முக்கிய காரணமே பின் பக்கம் இருக்கிற... மன்னிக்கணும், மேல் பக்கமே இருக்கிற பவர் சுவிட்ச்தான். 50 வாட்டு, 25 வாட்டு, அரை வாட்டுன்னு மூணு நிலை. அரை வாட்டுன்னா 50ல நூத்துல ஒரு பங்கு, அதனால சத்தமும் நூத்துல ஒரு பங்குன்னு தோணும். காது அப்படிக் கணக்கு போடாது. நூத்துல ஒரு பங்கு பவர்னா 20 டெசிபல் குறைவு. 10 டெசிபல் குறைஞ்சா சத்தம் பாதியா கேக்கும், 20 குறைஞ்சா ஏறக்குறைய கால் பங்கா கேக்கும். அவ்வளவுதான். கிதார் ஸ்பீக்கர்கள் பொதுவாவே ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்துல 95 டெசிபலுக்கு மேல போகக்கூடியவை. அரை வாட்டுல முழுசா திருகினா சட்னி அரைக்கிற மிக்ஸிக்கு இது கொஞ்சமும் சளைச்சதில்ல. வாடகை வீட்டுல 50 வாட்டு எதுக்குன்னு கேட்டீங்கன்னா, எதுக்கும் இல்ல.

அப்ப எதுக்கு இவ்வளவு பெரிய வாட்டு? அதுக்கு ஒரு கதை இருக்கு. தாத்தா காலத்து வால்வு ரேடியோல இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வுதான் பழைய கிதார் ஆம்ப்லயும். அதைத் தாங்குற அளவுக்கு மேல விரட்டினா சத்தம் உடைஞ்சு கரகரன்னு வரும். ஆம்ப் செஞ்ச இன்ஜினியருக்கு அது கோளாறு. வாசிச்சவங்களுக்கு அதுதான் பிடிச்சுப் போச்சு. 1964ல கிங்க்ஸ் குழுவோட டேவ் டேவிஸ், அந்தக் கரகரப்புக்காகத் தன் ஆம்ப்போட ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால கிழிச்சார். பக்கையே ஃபீச்சர்னு சொல்லி ரிலீஸ் பண்றது நம்ம துறை கண்டுபிடிச்சதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் :)

கட்டானாவுல வால்வு கிடையாது. அந்த உடைஞ்ச சத்தத்தைக் கணக்கு போட்டு உண்டாக்குது. அதனால அரை வாட்டுலயும் க்ரன்ச் கிடைக்குது. வால்வு ஆம்ப் வாசிச்சுப் பழகினவங்க குறை சொல்லலாம். எனக்குக் குறை தெரியலை.

ரெண்டாம் நாள் சாயங்காலம் கீழ் வீட்டு ரிட்டயர்ட் வாத்தியார்கிட்ட போய், "சார், சத்தம் தொந்தரவா இருக்கா?"ன்னு கேட்டேன். "பாட்டு ஒண்ணும் கேக்கலை தம்பி. தும் தும்னு மட்டும் வருது. மோட்டார் போட்டிருக்கீங்களோன்னு நினைச்சேன்"னார். விஷயம் என்னன்னா, மேல் ஸ்வரத்தைத் தளம் தடுத்துடும். கீழ் ஸ்வரம் தரை வழியா இறங்கிடும். ஆம்ப்பைத் தரையிலேர்ந்து எடுத்து, பழைய தலகாணி போட்ட ஸ்டூல் மேல வெச்சு, பேஸ் குமிழைக் குறைச்சேன். தும் தும் போச்சு. எனக்கும் ஸ்பீக்கர் காது உயரத்துக்கு வந்ததுல தெளிவா கேக்குது.

அப்புறம் இரைச்சல். என் கிதார்ல இருக்கிறது சிங்கிள் காயில் பிக்கப். வீட்டு கரண்ட்டோட உறுமலை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும். கம்பியிலேர்ந்து கையை எடுத்தா உறுமல் கூடுது, வெச்சா குறையுது. ஆம்ப் கோளாறு இல்ல அது. பாதிதூரம் திரும்பி உட்கார்ந்தாலே குறையும். ஆனா ஒண்ணு: மூணு பின் பிளக்கோட எர்த்தை வெட்டிவிடற கன்வர்ட்டர் எதுவும் போடாதீங்க. கம்பியும் எர்த்தும் ஒண்ணாதான் இணைஞ்சிருக்கு, தொட்டுக்கிட்டிருக்கிறது உங்க கை. நான் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியா இருக்கான்னு பாத்துட்டுதான் செருகினேன்.

குறைன்னு சொன்னா, ஃபுட் சுவிட்ச் தனியா வாங்கணும். எஃபெக்ட்ஸை முழுசா நோண்டணும்னா யூஎஸ்பி போட்டு லேப்டாப்ல அவங்க சாஃப்ட்வேரைத் திறக்கணும்.

நான் இன்னும் திறக்கலை. திறக்கவும் போறதில்ல. ஏன்னு சொல்றேன்.

ரெண்டு வருஷமா நான் வாசிச்சது லேப்டாப்ல ஆம்ப் சாஃப்ட்வேர் போட்டு, ஹெட்போன் மாட்டித்தான். உண்மையைச் சொல்லணும்னா சத்தத் தரத்துல அது இந்தப் பெட்டியை விட ஒரு படி மேல. ஆனா காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் மீட்டிங் மீட்டிங்னு அதே நாற்காலி, அதே ஸ்க்ரீன், அதே ஹெட்போன். எட்டு மணிக்கு ஆணி புடுங்கி முடிச்சுட்டு மறுபடி அதையே மாட்டிக்கிட்டு உட்கார்ந்தா கிதாரும் இன்னொரு டிக்கெட் மாதிரி ஆயிடுது. வாரம் ஒரு நாள், மாசம் ஒரு நாள்னு குறைஞ்சு, கிதாரை விக்கிறதுக்கு போட்டோ எடுத்து வெச்சிருந்தேன்.

தங்கமணிக்கு அந்த ரெண்டு வருஷமும் கேட்டது வெறும் கம்பி சத்தம்தான், பல்லி கத்துற மாதிரி டிக் டிக்னு. நான் என்ன வாசிக்கிறேன்னு அவளுக்குத் தெரியாது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் பாட்டைக் கேட்டதே இல்ல. இந்த வாரம் வியாழக்கிழமை அரை வாட்டுல, க்ளீன்ல, கொஞ்சம் ரிவெர்ப் போட்டு ஏதோ ஒரு மெட்டைச் சும்மா சுத்திக்கிட்டிருந்தேன். போன் வந்துதுன்னு நிறுத்தினேன். சமையக்கட்டுலேர்ந்து குரல் வந்துது: "ஏன் நிறுத்திட்டே?"

போட்டோ எல்லாம் டிலீட் பண்ணியாச்சு.

ஆம்ப் வாங்கற யோசனை உள்ளவங்களுக்கு என் சிபாரிசு: வாட்டைப் பாக்காதீங்க, எவ்வளவு குறைச்சு வெச்சா நல்லா இருக்குன்னு பாருங்க. கடையில சத்தமா வாசிச்சுக் காட்டுவாங்க, சொக்கிடாதீங்க. குறைஞ்ச சத்தத்துல காதுக்கு பேஸ் சரியா எட்டாது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே அளந்து சொன்ன சமாச்சாரம். அதனால வீட்டுல வாசிக்கிற அளவுக்கே வால்யூமைக் குறைக்கச் சொல்லி, பத்து நிமிஷம் கேளுங்க. அப்பவும் எழுந்திருக்க மனசு வரலைன்னா, பர்ஸை எடுங்க.