பாரம் உட்காரும் இடம்

திருச்சியை அடுத்த திருவெறும்பூரிலிருந்து துவாக்குடி வரை தஞ்சாவூர் சாலையோரம் எங்கு இறங்கினாலும் ஏதோ ஒரு பட்டறையில் இரும்பு அறுபடும் சத்தம் கேட்கும். 1960-களில் பெல் கொதிகலன் ஆலை வந்த பிறகு, அதற்குப் பாகம் செய்து கொடுக்க முளைத்த பட்டறைகள் இவை. ஆலை வேலை மெலியும்போது வீட்டு வேலையும் எடுப்பார்கள். நான் போன பட்டறையில் ஸ்ரீரங்கத்து வீடு ஒன்றுக்காக எல் (L) வடிவ ஆங்கிள் துண்டுகள் தயாராகிக்கொண்டிருந்தன. 100-க்கு 100, கனம் 10 மில்லிமீட்டர், நீளம் 150. துண்டு ஒன்று இரண்டேகால் கிலோ.

உத்திர வீதியை ஒட்டிய வீடு அது. முன்கட்டில் இன்னும் மெட்ராஸ் டெரஸ்: மர உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் செங்குத்தாக அடுக்கிய தளம். உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருப்பதால் ஈரம் ஏறி முதலில் மக்குவது அதுதான். நடுமரம் கல் மாதிரி இருக்கும். பின்கட்டில் அப்படி மக்கியதையெல்லாம் எடுத்துவிட்டுக் கான்கிரீட் சுவர் எழுப்பி ஐ பீம் போடுகிறார்கள். பீமைச் சொருகச் சுவரில் குழி விட்டால் உள்ளே இருக்கும் கம்பியை அறுக்க வேண்டிவரும். அதனால் சுவர் முகத்தில் ஆங்கிளை போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் பீமை உட்கார வைக்கிறார்கள்.

கணக்கு எளிது. பீம் நான்கு மீட்டர், மீட்டருக்கு ஒன்று. தளம், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்றால் பீமுக்கு இரண்டு டன், முனைக்கு ஒரு டன். அந்த ஒரு டன் சுவரிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி இறங்குகிறது என்று வையுங்கள். ஆங்கிள் தன் கீழ் ஓரத்தைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மேலே பிரியப் பார்க்கும். போல்ட் கீழ் ஓரத்திலிருந்து 60 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், பிடிமானத்துக்குக் கிடைக்கும் தூரம் ஏறத்தாழ 50. ஆக, கீழே அழுத்தும் அதே ஒரு டன் போல்ட்டுகளை வெளியே இழுக்கவும் செய்கிறது. போல்ட்டை மேலே ஏற்ற ஏற்ற இழுப்பு குறையும். ரொம்ப ஏற்றினால் நட்டைத் திருக ஸ்பேனர் நுழையாது.

கனத்தைக் குறைத்தால் இரும்பு மிச்சமாகும் என்று வீட்டுக்காரர்கள் கேட்பதுண்டு. 6 மில்லிமீட்டரிலிருந்து 10-க்குப் போனால் எடை ஒன்றே முக்கால் மடங்கைக்கூடத் தொடாது. வளையாமல் தாங்கும் பலமோ மூன்று மடங்கை நெருங்கும். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

வெல்டிங் பையன் கேட்டான்: "அண்ணே, அடியில ஒரு கஸெட் வெச்சிரலாமா? இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்ல?"

ஃபிட்டர் நிமிராமலே சொன்னார்: "வெச்சா ஆங்கிள் வளையாது தம்பி. போல்ட்ட யாரு புடிக்கிறது?"

முப்பது வருடம் இரும்போடு இருந்தவரின் பதில். வெறும் ஆங்கிள் பாரம் ஏறும்போது இம்மி வளையும். வளைந்ததும் பாரம் சுவர்ப் பக்கம் நகரும். கஸெட் என்கிற முக்கோணத் தகட்டை அடியில் வைத்து விறைப்பாக்கினால் அது நடக்காது. நடுவில் தொய்யும் பீமின் அடிப்பாகம் ஆங்கிளின் வெளி உதட்டில் போய் அழுத்தும். 50 மில்லிமீட்டர் 90-ஐத் தாண்டும், போல்ட்டின் மேல் இழுப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். கஸெட் வைக்கலாம்தான், போல்ட்டையும் அதற்கேற்ப மாற்றினால்.

ஸ்ரீரங்கத்தில் சுவரைத் துளைப்பவர் வடநாட்டு இளைஞர், முகத்தில் துண்டு மட்டும். கான்கிரீட் தூசி நுரையீரலைத் தின்னும். நல்ல முகமூடி ஒன்று கொடுப்பது ஒப்பந்தக்காரரின் கடமை, வீட்டுக்காரரும் கேட்க வேண்டும். போல்ட்டைப் பசை போட்டுப் பதிக்கும் முன் துளையை ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதுகிறார்கள். "தூசி இருந்தா பசை தூசியத்தான் புடிக்கும் சார், சுவரப் புடிக்காது" என்றார் மேஸ்திரி. கம்பி தட்டினால் துளையை நகர்த்த வேண்டும். அதற்காக ஆங்கிளிலும் புதுத் துளை போட வேண்டும். அந்த நேரத்தைத்தான் பல இடங்களில் மிச்சம் பிடிக்கிறார்கள், போல்ட்டைக் குட்டையாக வெட்டிச் சொருகிவிட்டு.

எதிரெதிர்ச் சுவர்களின் ஆங்கிள்களை டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பிச் சரிபார்த்தார்கள். பீமின் ஒரு முனைத் துளை வட்டம், மறுமுனைத் துளை நீளவாட்டம். முப்பது டிகிரி வெயில் ஏறினால் நான்கு மீட்டர் இரும்பு ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அதற்கு வழி வேண்டும். 1976-இல் திறந்த திருச்சிக் காவிரிப் பாலத்தை 2022 கடைசியில் மாதக்கணக்கில் மூடி, விரிவு இணைப்புகளைப் பழுது பார்த்தது ஊருக்கே நினைவிருக்கும்.

சுவருக்கும் பீம் முனைக்கும் இடையே 12 மில்லிமீட்டர் விட வேண்டும். ஃபிட்டர் ஒவ்வொரு ஆங்கிளிலும் சாக்பீஸால் அந்தக் கோட்டைப் போட்டார். வரைபடத்தில் "ஆங்கிள் சீட்" என்று மட்டும்தான் இருந்தது. இடைவெளி, போல்ட்டின் உயரம், பாரம் இறங்கும் புள்ளி மூன்றையும் பொறியாளர்கள் அதிலேயே எழுதிக் கொடுத்தால், எல்லாத் தளத்திலும் இந்த ஃபிட்டரே நிற்க வேண்டியிருக்காது.