இடியன் துவக்கைத் தேடி வாசித்தது

பழைய வன்னிச் சொற்களை எழுதிவைப்பம் என்று நாங்கள் மூன்றுபேர் ஒரு கொப்பியோடு திரிந்த காலம் அது. எங்களில் ஒராளின் அப்பப்பா வயல் காவலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பரண், பன்றி, இரவுக் குளிர் என்று கதை போய்க்கொண்டிருக்கேக்க, "அப்ப எங்களிட்ட ஒரு இடியன் இருந்தது" என்றார்.

"இடியன் எண்டால் என்ன அப்பப்பா?"

"துவக்கடா. குழல் வாய்க்குள்ளால மருந்தைப் போட்டு இடிக்கிறது. அதாலதான் இடியன்."

எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாய்ப் போய்விட்டது. துவக்குகளின் பெயர் தெரியாமல் வளர்ந்த ஆட்கள் இல்லை நாங்கள். சின்னனாய் இருக்கேக்க சத்தத்தை வைச்சே இது ரி-56, இது எல்எம்ஜி என்று சொல்லுவம். அப்பப்பாவின் வீட்டுச் சுவரில் கொழுவியிருந்த துவக்கு எப்படி வேலை செய்தது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது. கொப்பியில் 'இடியன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டோம்.

அந்தக் கேள்விக்குறியை அழிக்கத்தான் புத்தகங்களிடம் போனோம். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துவக்குகளைப் பற்றித் தேடினால், கிடைப்பதில் கனக்க அமெரிக்காப் புத்தகங்கள். ஜோன் டில்லின் 1924 இல் எழுதிய 'கென்டக்கி ரைபிள்', அதே வகைத் துவக்குகளைப் பற்றி ஜோ கிண்டிக் 1960 இல் வெளியிட்ட தடித்த புத்தகம். இவை கதைப்புத்தகம் மாதிரி வாசிக்கிற சாமான் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படத்தில் துவக்குகள் படுத்துக் கிடக்கும். குழல் இத்தனை அங்குலம், வாய் இவ்வளவு, மரம் மேப்பிள், செய்தவர் இன்னார். முதல் இரண்டு நாளும் கொட்டாவிதான் வந்தது.

பிறகு மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. முதலில் விளங்கியது ரைபிள் என்ற சொல். அது துவக்குக்கு இன்னொரு பெயர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். குழலின் உட்சுவரில் திருகு திருகாகத் தவாளிப்பு வெட்டியிருந்தால்தான் அது ரைபிள். அந்தத் தவாளிப்பு குண்டைச் சுழல வைக்கும், சுழலும் குண்டு நேராகப் போகும். ஆனால் குண்டு தவாளிப்பைக் கவ்விப் பிடிக்கவேண்டுமென்றால், கொழுப்புப் பூசிய துணியில் அதைச் சுற்றி, கம்பியால் இறுக்கித் தள்ளவேண்டும். உட்புறம் வழுவழுப்பான துவக்கை வைத்திருந்த பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று தரம் சுடுவான். அதே நேரத்தில் ரைபிள்காரனுக்கு ஒன்று, கூடிப்போனால் இரண்டு. குறி தவறாமல் சுடுவதற்குப் பொறுமையை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது அந்த ஆராய்ச்சிக்காரரின் கண். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன், சுவிஸ் கொல்லர்களும் அவர்களின் பிள்ளைகளும் செய்த இந்தத் துவக்குகளில் பலவற்றில் பெயர் இல்லை. பெயர் இல்லாததை யார் செய்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிடிமரத்தின் வளைவைப் பார்க்கிறார்கள். அதில் செதுக்கிய கொடி எந்தப்பக்கம் சுருளுது என்று பார்க்கிறார்கள். பிடியின் பக்கத்தில், துணித்துண்டு வைக்கிற பெட்டியின் பித்தளை மூடியைப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்தே லங்காஸ்டர், யோர்க், ரெடிங், லீஹை, பெட்ஃபோர்ட் என்று பாணிகளைப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கிழமை கழிய எங்களாலேயே மூடியைக் கையால் மறைத்துவிட்டு, பிடியின் வளைவை மட்டும் பார்த்து "இது லீஹை" என்று சொல்ல முடிந்தது. மெய்யாய்ச் சொன்னால், சந்தோசமாய் இருந்தது. ஒரு கொல்லனின் கைப்பழக்கத்தை இருநூறு வருசத்துக்குப் பிறகும் ஒருவர் அடையாளம் காண்கிறார் என்பது சின்ன விசயம் இல்லை.

ஆனால் அந்த லீஹைதான் எங்களை நிறுத்தியது. அது எந்த இடம் என்று வரைபடத்தில் தேடப்போக, 1737 இல் நடந்த ஒரு காணிக் கதையில் போய் விழுந்தோம். அந்தப் பள்ளத்தாக்கு லெனாப்பே என்ற பூர்வீக மக்களுடையது. லீஹை என்ற பெயரே அவர்களின் மொழியிலிருந்து வந்ததுதான். 'ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கிற தூரம் வரைக்கும்' நிலம் எங்களுக்கு என்று ஒரு பழைய உறுதியைப் பென் குடும்பத்தார் எடுத்துக் காட்டினார்கள். முதலே பாதை வெட்டி வைத்து, வேகமாய்ப் போகக்கூடிய மூன்று பேரைக் கூலிக்குப் பிடித்து ஓடாக்குறையாய் நடக்க விட்டார்கள். லெனாப்பேக்கள் நினைத்த தூரம் ஒன்று, பறிபோன தூரம் இன்னொன்று. காணி உறுதி என்ற சொல்லை எங்கட பக்கத்தில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

லீஹைத் துவக்குகள் சிலவற்றின் அடிமரத்தில் ஒரு தலை உருவம் இருக்கும். அது ஒரு பூர்வீகரின் தலை என்று ஒரு பக்கம், இல்லை, சுதந்திர தேவியின் தலை என்று மற்றப் பக்கம் சேகரிப்பாளர்கள் வாதாடுகிறார்கள். நாங்களும் அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தோம். பிறகு திடீரென்று எங்களுக்கே ஒருமாதிரிப் போய்விட்டது. குழலுக்குப் பின்னால் நின்றவரின் பெயர், ஊர், உளி பிடித்த விதம் எல்லாம் இப்போது எங்களுக்குத் தெரியும். குழலுக்கு முன்னால் நின்றவர்களைப் பற்றி, நாங்கள் புரட்டிய பக்கங்களில் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாங்களும் அதைத் தேடாமலே ஒரு கிழமை வாசித்திருக்கிறோம். அந்த அழகு எங்களையும் மறக்கப் பண்ணியிருந்தது.

சரி, எங்கட தீவைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்தோம். கொழும்பு அருங்காட்சியகப் பணிப்பாளராய் இருந்த பி. இ. பி. தெரணியகல, சிங்கள ஆயுதங்களைப் பற்றி 1942 இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். கண்டிக் காலத்துத் துவக்குகளில் பொறி இடப்பக்கம் இருக்கும். வேறு நாட்டுத் துவக்குகளில் வழக்கமாய் அது வலப்பக்கம். பிடியின் நுனி இரண்டாய்ப் பிரிந்து சுருளும், யானைத்தந்தமும் வெள்ளியும் பதித்திருக்கும். அப்படியான பெரிய துவக்குகள் இரண்டு, ஒல்லாந்தர் 1765 இல் கண்டியிலிருந்து கொண்டுபோன லெவ்கே பீரங்கியோடு சேர்த்து, 2023 இல் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன. வாசிக்கப் பெருமையாய்த்தான் இருந்தது. ஆனால் பக்கம் கிடைப்பது அரசனின் துவக்குக்கும் பிரதானிகளின் துவக்குக்கும்தான். வயலில் பன்றி கலைத்த இடியனுக்கு நாங்கள் தேடிய இடங்களில் ஒரு பக்கமும் இல்லை. அது இண்டைக்குப் பத்திரிகையில் வருவது 'இடியன் துவக்குடன் ஒருவர் கைது' என்ற நாலு வரியாகத்தான்.

புத்தகங்கள் படிப்பித்த கேள்விகளை எழுதிக்கொண்டு திரும்பவும் அப்பப்பாவிடம் போனோம். குழல் எவ்வளவு நீளம்? பிடி என்ன மரம்? யார் செய்தது?

அவருக்குச் சிரிப்பு. "உதையெல்லாம் ஆர் கேக்கிறது?" என்றுவிட்டு, தன் நெஞ்சில் கையை வைத்து, நிலத்திலிருந்து அவ்வளவு உயரம் என்று காட்டினார். பிடி முதிரை. உள்ளுக்குத் தவாளிப்பு ஒன்றும் இல்லை, வழுவழுப்பு. பொறியையும் பிடியையும் ஊர்க் கொல்லர் ஒருவர் திருத்திக் கொடுத்தார். அவரின் பெயரையும் சொன்னார். நாங்கள் மும்முரமாய் எழுதிக்கொண்டிருக்க, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஒருநாள் இரவு வரம்பில ஏதோ அசைஞ்சது. பன்றியெண்டுதான் வைச்சன்."

ஒருவரும் எழுதவில்லை.

"சாகேல்ல. கால்தான். பிறகு அவன் வயலுக்கு வரேல்ல. என்னோட கதைச்சவன். ஆனால் வயலுக்கு வரேல்ல."

எங்களில் அவரின் பேரனாய் இருந்தவன் இதை முன்பு கேட்டதே இல்லை. இடியன் எங்கே போனது என்று கேட்க நினைத்திருந்தோம். கேட்கவில்லை.

எழும்பி வர வெளிக்கிடேக்க அப்பப்பா கூப்பிட்டார். "கொல்லன்ர பேரை எழுதினனீங்கள்தானே? அவன்ர பேரையும் எழுதுங்கோ."

அந்தப் பெயர்களை இங்கே எழுதுவது எங்களுக்கு உரியது இல்லை. ஆனால் கொப்பியில் இருக்கிறது. 'இடியன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறியை வெட்டிவிட்டு, குழலின் நீளம், பிடியின் மரம், செய்தவர் பெயர் என்று எழுதியிருக்கிறோம். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், அதற்கு முன்னால் நின்றவரின் பெயர்.