தகரமா, புல்லா

தசரா நெருங்கினால் மைசூரு அரண்மனைக்கு யானைகள் வந்துவிடும். கூடவே பாகர்கள், உதவிக்கு நிற்கும் காவாடிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். வளாகத்துக்குள்ளேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். அவர்களில் பலர் ஜேனு குருபர். நீலகிரியில் நாம் தேன் குறும்பர் என்கிறோமே, அவர்களுக்குச் சொந்தம். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு யானை பார்க்கத்தான் போவேன். போய் நிற்பதென்னவோ ஒரு அஜ்ஜியின், அதாவது பாட்டியின், அடுப்படியில்.

மூன்று கல், ஒரு சட்டி, கேழ்வரகுக் களி. என்னோடு கன்னடத்தில் பேசுவார். பேத்தியைக் கூப்பிட வாயெடுத்தால் பேச்சே மாறிவிடும். கன்னடமுமில்லை, தமிழுமில்லை, ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு பாட்டி பேசியதுபோல் இருக்கும். அவர் ஊரை 'ஹாடி' என்பார். பால் ஹாலு ஆனதுபோல, புலி ஹுலி ஆனதுபோல, என் காதுக்கு அது நம் 'பாடி'தான்.

"இது வீடா மகா? மழை வந்தால் தகரம் கத்துகிறது. புல்லுக்கூரை சத்தம் போடாது" என்பார். கையில் அகப்பட்ட குச்சியைப் பிளந்து, மேலும் கீழுமாகக் கோத்துக் காட்டுவார்: மூங்கில் தட்டி இப்படிப் பின்ன வேண்டும், பிறகு மண் பூச வேண்டும், வாசலைக் குனிந்து நுழைகிற உயரத்தில் வைக்க வேண்டும். விரல்கள் நிற்கவே நிற்காது. நிலா இல்லாத ராத்திரியில் அவர் வீட்டுக்காரர் மரமேறி, புகை காட்டி, ஹெஜ்ஜேனு என்கிற மலைத்தேன் எடுத்த கதையும் வரும். ஏறும்போது தேனீயிடம் பாடுவாராம், கோபித்துக்கொள்ளாதே என்று.

ஜேனு குருபர் வாழ்ந்த காக்கனகோட்டைக் காட்டில் கடைசி கெத்தா, அதாவது யானை பிடிப்பு, 1971இல் நடந்தது. 1974இல் கபினி அணை வந்து அந்தக் காட்டில் ஒரு பகுதி தண்ணீருக்குள் போயிற்று. முழுகாத காட்டையும் 1972 வனவிலங்குச் சட்டம் மெல்ல மெல்லப் பூட்டியது. நாகரஹொளே காட்டின் ஹாடிகள் காலியாகி, ஜனங்கள் குடகின் காப்பித் தோட்ட லைன் வீடுகளுக்குப் போனார்கள். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அஜ்ஜி இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்: "போகச் சொன்னார்கள், வந்தோம்." தசரா ஊர்வலத்தில் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியை அண்ணாந்து பார்த்த எங்கள் ஊர், யானையின் கழுத்தில் உட்கார்ந்திருந்தவர் வீட்டை எங்கே விட்டுவிட்டு வந்தார் என்று கேட்கவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இப்போது சென்னையில் இருக்கிறேன். மாடியறைக்கு மேலே தகரம்தான். மழை பெய்தால் அந்த அடுப்படிப் புகை மூக்கில் ஏறுகிறது. 2025 மே மாதம் 52 ஜேனு குருப குடும்பங்கள் நாகரஹொளேக்குள் கரடிகல்லு அத்தூர் கொல்லிக்குத் திரும்பிப் போய்க் குடிசை போட்டன என்ற செய்தியை மூன்று முறை வாசித்தேன். அஜ்ஜி இருந்திருந்தால் முதலில் கூரையைத்தான் விசாரித்திருப்பார்: தகரமா, புல்லா?